இருமலுக்கு ஆறு புள்ளி

கருங்குழியில் காலையில் எழுந்ததும் பல் துலக்குவதற்கு முன்னால் நுரையீரலைக் கழுவிக்கொள்வார்கள். ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் ஒரு குழாய் உண்டு. அதில் வாயை வைத்து வெதுவெதுப்பான மருந்தாவியை நெஞ்சு நிறைய இழுத்து, குனிந்து, கறுப்பாக இரண்டு மூன்று தடவை இருமித் துப்பினால் வேலை முடிந்தது. நிலவின் சுரங்கத் தூசி கண்ணாடித் தூள் மாதிரி முனை மழுங்காதது. கழுவாமல் விட்டால் உள்ளே தங்கிப் புண்ணாக்கும். தினமும் கழுவினால் ஒன்றும் செய்யாது. பிள்ளைகளுக்குப் பேச்சு வந்ததுமே கழுவக் கற்றுக்கொடுத்துவிடுவார்கள். சோம்பல்பட்டால் முதுகில் ஒன்று விழும்.

ஆனால் தொண்டர் கப்பல் வரப்போகிறது என்று தெரிந்தால், சில வீடுகளில் அந்தக் குழாயைப் பூட்டிவிடுவார்கள்.

பூமியில் ஒரு பெரிய பல்கலைக்கழகம் 'அயற்கோள் நலவாழ்வுத் தொண்டு' என்று ஒரு பாடம் வைத்திருந்தது. எந்தத் துறை மாணவரானாலும் சரி, ஒரு மாதம் வேற்றுலகக் குடியிருப்பு ஒன்றுக்குப் போய் ஒரு நோயாளிக்குத் தொண்டு செய்து திரும்பினால் ஆறு தகுதிப்புள்ளிகள். பூமியில் நோயாளிகளுக்குப் பஞ்சமில்லை. பல்கலைக்கழகத்தின் மதிலை ஒட்டியே ஓர் அரசு மருத்துவமனை இருந்தது. அதன் தாழ்வாரத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். அவர்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தால் புள்ளி கிடையாது. பேருந்தில் போய்விடக்கூடிய தூரத்தில் இருப்பவர்களின் நோயைப் பார்த்து மாணவரின் மனம் விரிவடைவதில்லை என்று பாடத்திட்டக் குழு கண்டறிந்திருந்தது.

மாணவர்கள் வரும் கப்பலிலேயே கருங்குழிக்குக் காற்று வடிகட்டிகளும் இலவசமாக வந்தன. வடிகட்டி இல்லாமல் அந்த ஊரில் மூச்சுவிட முடியாது. நோயாளி இல்லையென்றால் மாணவர் வரமாட்டார். மாணவர் வராவிட்டால் வடிகட்டியும் வராது. முதல் கப்பல் வந்தபோது ஊரில் யாருக்கும் எந்த நோயும் இல்லாததைக் கண்டு மாணவர்கள் முகம் வாடிப்போனார்கள். ஊர்த்தலைவர் பெர்க்மான்ஸ் சங்கடத்தில் நெளிந்தார். அடுத்த தடவை நாலு பேரை இருமி நடிக்கச் சொன்னார். அதுவும் எடுபடவில்லை. நோயாளியின் மார்பில் ஒரு பட்டையை ஒட்டுவார்கள். அது நுரையீரலை உள்ளபடி படிக்கும். அதன் பிறகுதான், கப்பல் வருவதற்குக் கொஞ்ச நாள் முன்பிருந்து முறைவைத்துச் சில வீடுகளில் கழுவாமல் இருப்பது என்று ஊர்க்கட்டு ஏற்பட்டது.

ஒரு வருடம் முறை மொறாயிஸுக்கு வந்தது. சுரங்கத்தில் துளைப்பொறி ஓட்டுபவன். வாலிபத்தில் ஒரு விபத்தில் தூசியில் புதைந்து எழுந்தவன். இடது நுரையீரல் அப்போதிருந்தே நோஞ்சான். அவன் மனைவி செலஸ்டினா பெர்க்மான்ஸிடம் போய், இவரை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கேட்டுப் பார்த்தாள். ஒரு வீட்டுக்கு விலக்குக் கொடுத்தால் எல்லா வீட்டுக்கும் ஒரு காரணம் கிடைத்துவிடும் என்றார் அவர். அது உண்மையும்கூட. மொறாயிஸே, கொஞ்ச நாள்தானே, சமாளித்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டான்.

அவனுக்கு ஒதுக்கப்பட்ட மாணவியின் பெயர் வைசாலி. வணிக மேலாண்மை படிப்பவள். கெட்ட பெண் இல்லை; தொல்லையே அதுதான். ஊர்ப் பிள்ளைகளுக்குச் சுகாதாரம் சொல்லிக்கொடுக்க ஒரு பெட்டி நிறையச் சோப்புக்கட்டி கொண்டுவந்திருந்தாள். நிலவில் கையில் தண்ணீர் ஊற்றிக் கழுவும் பழக்கம் கிடையாது என்பதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை; அவளும் கேட்கவில்லை. பிள்ளைகள் சோப்பைச் செதுக்கிக் குதிரை செய்து விளையாடினார்கள். அதைப் படமெடுத்து, குழந்தைகளின் மலர்ந்த முகங்கள் என்று பூமிக்கு அனுப்பினாள்.

எல்லா மாணவர்களையும் போல அவள் காதுக்குப் பின்னாலும் மொச்சைப் பயறு அளவில் ஒரு நற்பணிமானி பதிக்கப்பட்டிருந்தது. நோயாளியின் கையைப் பிடித்தால், நெற்றியைத் துடைத்தால், அது காதுக்குள் மெல்ல மணி அடித்துத் துளித்துளியாகப் புள்ளி ஏற்றும். பெரும்புள்ளி வேறு வழியில் வரும். மார்புப்பட்டை காட்டிய மிகக் கீழான அளவுக்கும் கடைசி அளவுக்கும் இடையில் எவ்வளவு வித்தியாசமோ, அவ்வளவு புள்ளி. முந்தைய வருடம் போய்வந்தவர்கள் அவளுக்கு ஒரு நுணுக்கம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வந்தவுடனே கழுவிவிடாதே, நன்றாக இறங்கவிட்டுக் கழுவு, அப்போதுதான் ஆறும் முழுதாகக் கிடைக்கும். அதில் தப்பு இருப்பதாக வைசாலிக்குத் தோன்றவில்லை. முன்னும் பின்னும் பளிச்சென்று தெரிந்தால்தானே கற்றல் முழுமையடையும்.

கழுவுவது மாணவரின் கையால் நடக்க வேண்டும் என்பது விதி. அதனால் குழாய்ப் பூட்டின் சாவி அவள் கழுத்தில் தொங்கியது.

அவள் கட்டிலருகே உட்கார்ந்து மொறாயிஸின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நிலவில் பிறந்தவர்களின் வாழ்க்கை எப்படி இருக்கும் என்று விசாரித்தாள். பதில் சொல்ல மூச்சு போதாமல் அவன் திணறியபோது, பரவாயில்லை, உங்கள் மௌனமே எனக்குப் பேசுகிறது என்றாள். மூன்றாம் நாள் அவனால் படுக்க முடியவில்லை. முதுகுக்கு முட்டாகத் தலையணை கொடுத்து உட்கார்ந்தபடியே மூச்சை இழுத்தான். செலஸ்டினா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"எம்மா, அவருக்கு உதடு நீலம் பாஞ்சிட்டு. சாவியக் குடு, நான் கழுவி விட்டுருதேன்."

"நாளைக்குக் காலைல நானே கழுவிடறேன் ஆன்ட்டி. இப்பக் கழுவினா ரீடிங் பாதியில நின்னுடும். ஒரு நாள்தானே?"

"ஒனக்குத்தான் அது ஒரு நாளு. அவருக்கு மூச்சு."

உங்கள் வலி எனக்குப் புரிகிறது என்று சொல்லி வைசாலி செலஸ்டினாவின் தோளில் கை வைத்தாள். ஆறுதல் சொன்னதற்கு மானி மணி அடித்தது. அவளையறியாமல் உதட்டோரம் ஒரு சின்னச் சிரிப்பு வந்துபோனது. செலஸ்டினா அதைப் பார்த்துவிட்டாள்.

கதவுக்குப் பின்னால் சாத்தியிருந்த மொறாயிஸின் கடப்பாரையை எடுத்து, குழாய்ப் பூட்டை இரண்டே அடியில் பெயர்த்தாள். புருஷனைத் தூக்கி நிறுத்தி, குழாயில் வாயை வைக்க வைத்தாள். அவன் இருமினான். கறுப்போடு சிவப்பும் வந்தது. உயிர் தங்கியது, இடது நுரையீரல் தங்கவில்லை. அதற்குப் பிறகு மொறாயிஸ் சுரங்கத்துக்குப் போகவே இல்லை. கட்டிலிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் சுவரைப் பிடித்து நிற்க வேண்டியிருந்தது.

செய்தி தெருத்தெருவாகப் போய் ஊர் கூடியது. எல்லா வீட்டுப் பூட்டையும் உடைத்தார்கள். வந்திருந்த மாணவர்கள் அத்தனை பேரையும் அதே கப்பலில் திரும்ப ஏற்றுவது என்று முடிவானது. இனி வடிகட்டிக்கு எங்கே போவது என்று பெர்க்மான்ஸ் கைகளைப் பிசைந்தார்.

"வடிகட்டி இல்லாமச் செத்தா எல்லாருஞ் சேந்து சாவோம்," என்றாள் செலஸ்டினா. "இவ காதுல மணி அடிக்கணும்னு அவரு மட்டும் தனியாச் சாவ வேண்டாம்."

வைசாலி கப்பலில் அழுதுகொண்டே போனாள். உண்மையான அழுகைதான். நற்பணிமானி அதைப் பகுத்துப் பார்த்து, இது எந்தத் தலைப்பிலும் அடங்காத உயர்ந்த அனுபவம் என்று பல்கலைக்கழகத்துக்குத் தெரிவித்தது. பாடத்திட்டக் குழு கூடிப் பேசியது. 'மறுக்கப்படுதல்: தொண்டரின் அகமாற்றம்' என்று புதிய பாடம் பிறந்தது. அதற்கு ஒன்பது புள்ளி. நிறைந்த அரங்கில் வைசாலி தன் தவறைப் பற்றிப் பேசினாள். செலஸ்டினாவின் பெயரைச் சரியாக உச்சரித்தாள். பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மொறாயிஸுக்கு மருந்தோ செயற்கை நுரையீரலோ அனுப்பலாம் என்று அந்த அரங்கில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அதற்குப் புள்ளி இல்லை.

இனிக் கப்பல் வராது என்று நினைத்துக் கருங்குழிக்காரர்கள் வருடம் முழுக்கக் காற்றை அளந்து சுவாசித்தார்கள். கப்பல் வந்தது. வடிகட்டி இரண்டு மடங்கு, மாணவர் ஐந்து மடங்கு. இறங்கியவர்கள் எல்லாரும் செலஸ்டினா வீடு எது என்றுதான் விசாரித்தார்கள்.

அவள் வாசலில் வந்து நின்றாள். முன்வரிசையில் நின்ற ஒரு பெண் பணிவாகக் கைகூப்பினாள்.

"உங்க கோபத்த எங்ககிட்ட முழுசாக் காட்டலாம் ஆன்ட்டி. நாங்க தயாராத்தான் வந்திருக்கோம்."

செலஸ்டினாவுக்கு விஷயம் பிடிபடக் கொஞ்ச நேரமானது. திட்டினால் புள்ளி. கதவைச் சாத்தினால் புள்ளி. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து அழுதாலும் புள்ளி. உள்ளேயிருந்து மொறாயிஸ் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. அவள் குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"இங்க யாருக்கும் சீக்கு இல்ல. தெருக்கோடில தூசிக்குழி ரொம்பிக் கெடக்கு. அத அள்ளணும். மம்பட்டி நான் தாரேன், வாங்க."

காற்றுநிலையம் பிரித்துத் தள்ளும் தூசியெல்லாம் சேரும் இடம் அது. சுரங்க வேலை முடிந்து வருகிறவர்களுக்கு அதை அள்ளத் தெம்பு இருப்பதில்லை. குழி நிரம்பினால் வடிகட்டிகள் சீக்கிரம் அடைத்துப்போகும்; காலியாக இருந்தால் ஒரு வருட வடிகட்டி மூன்று வருடத்துக்கு வரும்.

மாணவர்கள் தங்கள் மானிகளைக் கேட்டார்கள். தூய்மைப் பணி பாடத்தில் இல்லை என்று எல்லாக் காதிலும் ஒரே பதில் வந்தது. உள்ளூர்க்காரர்களின் வேலையைப் பறிப்பது அறமல்ல என்றான் ஒருவன். பிரச்சினையின் வேரை முதலில் ஆராய வேண்டும் என்றாள் ஒருத்தி. இரண்டு நாள் குழியின் ஓரத்தில் நின்று படமெடுத்துவிட்டுக் கப்பலுக்குள் போய்ப் படுத்துக்கொண்டார்கள்.

ஒருவன் மட்டும் குழிக்குள் இறங்கினான். நந்தகோபன் என்று பெயர், புள்ளியியல் மாணவன். காலையில் மம்பட்டியைத் தொட்டால் சாப்பாட்டுக்குத்தான் கீழே வைப்பான். கப்பல் நின்ற அந்த மாதம் முழுவதும் அள்ளினான். ஊர் தோன்றிய பிறகு முதல் தடவையாகக் குழியின் அடித்தளம் கண்ணில் பட்டது. அந்தக் கூட்டத்தையே வெறுத்த செலஸ்டினாவுக்கும் மனம் இளகியது. பாசிக்கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"எல்லாரும் கப்பலுக்குள்ள போய்ப் படுத்துக்கிட்டாவ. நீ மட்டும் ஏன்ப்பா இப்படிக் கெடந்து பாடுபடுத?"

அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "அவங்களுக்குத் தெரியல ஆன்ட்டி. இதுக்குத்தான் நெறையப் புள்ளி. மொதல்ல சும்மா அள்ளிப் பாத்தேன்; ஒவ்வொரு மம்பட்டிக்கும் மணி அடிக்குது."

கஞ்சியைக் குடிக்க அவன் குனிந்தபோது செலஸ்டினா பார்த்தாள். அவன் காதுக்குப் பின்னால் இருந்த மானியின் விளிம்பில் சுரங்கத் தூசி திட்டாக அப்பியிருந்தது. தூசி உள்ளே போய் மானி பழுதாகியிருந்தது; கை அசைந்தால் போதும், பக்கத்தில் நின்றவளுக்கே கேட்கும்படி அது அடித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து மொறாயிஸிடம் சொன்னாள். அவன் ரொம்ப நாளைக்கப்புறம் சிரித்தான்; சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. பையன் பாவம், அவனிடம் சொல்லிவிடலாம் என்றார் பெர்க்மான்ஸ். குழி முடியட்டும் என்றாள் செலஸ்டினா.

நந்தகோபன் நாலாயிரத்துச் சொச்சம் புள்ளியோடு பூமிக்குத் திரும்பினான். பல்கலைக்கழகம் எண்ணைப் பார்த்தது. எதற்கு என்று கேட்கவில்லை, தங்கப்பதக்கம் கொடுத்தது.

இப்போது கருங்குழிக்கு வர மாணவர்கள் வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள். கப்பலை விட்டு இறங்கியதும் ஊர் சார்பில் செலஸ்டினா அவர்களை வரவேற்கிறாள். திருஷ்டி படாமல் இருக்க, ஒவ்வொருவர் காதுக்குப் பின்னாலும் கட்டைவிரலால் நிலவுத் தூசியில் ஒரு பொட்டு அழுத்தி வைக்கிறாள். எவ்வளவு தொன்மையான பண்பாடு என்று அவர்கள் நெகிழ்ந்துபோய்ப் படமெடுத்துக்கொள்கிறார்கள். பிறகு ஆளுக்கொரு மம்பட்டியைத் தூக்கிக்கொண்டு, தள்ளுமுள்ளு செய்தபடி குழிக்குள் இறங்குகிறார்கள்.