மஞ்சள் பேட்ஜ்

போன் அலறியது.

"மேடம்! உங்க பொண்ணு காலேஜ் லேப்ல மயங்கி விழுந்துட்டா! மூக்குல ரத்தம்... ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்திருக்கோம்!"

பெண் குரல். பின்னால் ஸ்ட்ரெச்சர் உருளும் சத்தம்.

ஹெட்மிஸ்ட்ரஸ் எழுந்த வேகத்தில் மேஜையில் இருந்த தண்ணீர் டம்ளர் கவிழ்ந்தது.

ஹெட்மிஸ்ட்ரஸ் என்பது முதுகுக்குப் பின்னால் ஊழியர்கள் வைத்த பெயர். முகத்துக்கு நேரே மேடம். டோக்கன் கொடுக்கும் வேலையில் சேர்ந்து, அதே நிதி நிறுவனத்துக்கு நிர்வாக இயக்குநரானவர். நிறுவனத்தின் பெயரில் பெண்களுக்கான பயிற்சிக் கல்லூரியும் நடத்துகிறார். அங்கே அவரே எடுக்கும் பாடம் ஒன்று உண்டு.

‘போனில் ஏமாறாமல் இருப்பது எப்படி?’

"ஐயோ! இதோ வரேன்..."

"வாங்க மேடம். ஆனா இன்ஷூரன்ஸ் அப்ரூவல் வராம ஸ்கேன் எடுக்க மாட்டேங்கறாங்க! உங்க போனுக்கு ஒரு நம்பர் வரும். சீக்கிரம் சொல்லுங்க!"

வந்தது.

சொன்னார்!

வகுப்பில் பாடம் நடத்துவது போல, தெளிவாக, நிறுத்தி நிறுத்தி.

லைன் அறுந்தது.

உடனே மகளை அழைத்தார்.

"என்னம்மா? கேன்டீன்ல இருக்கேன்."

"உன் மூக்கு...?"

"மூக்கா? இருந்த இடத்துலதான் இருக்கு. ஏம்மா?"

அந்த நேரத்தில் ஒரு மெசேஜ் வந்தது. பயிற்சிக் கல்லூரியின் உதவித்தொகை நிதி துடைத்துப் போட்ட மாதிரி காலியாகியிருந்தது. அத்தனையும் படிக்க வழியில்லாத பெண்களின் ஃபீஸ் பணம்.

அதைவிட மோசமான விஷயம்... கீழே ஹாலில் ஊழியர்கள் அவருக்காகக் காத்திருந்தார்கள்.

இன்று டெஸ்ட் நாள்!

வருடத்தில் ஒரு நாள், பாதுகாப்புப் பிரிவே ஊழியர்களுக்குப் பொய் போன் போடும். ஏமாந்தவர்களை மேடையில் ஏற்றி, ‘நான் ஏமாந்தேன்’ என்று எழுதிய மஞ்சள் பேட்ஜைக் குத்துவார்கள். ஒரு வாரம் கழற்றக் கூடாது.

யோசனை யாருடையது?

வேறு யார்!

போன வருடம் ரிட்டயர் ஆகிற வாரத்தில் மாட்டிய சீனியர் கேஷியர், பிரிவு உபசார போட்டோவிலேயே பேட்ஜோடுதான் நின்றார். ஒரு நிமிஷம் கழற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்டார் மனிதர்.

"ரூல்னா ரூல் சார்" என்றவர் ஹெட்மிஸ்ட்ரஸ்.

பாதுகாப்புப் பிரிவுத் தலைவர் உள்ளே வந்தார். செல்லப் பெயர் மோப்பம்.

"சார்... கதவைச் சாத்துங்க."

சாத்தினார்.

"ஒரு நம்பரைச் சொல்லிட்டேன்."

"எந்த நம்பர் மேடம்?"

"சொல்லக் கூடாத நம்பர்."

மோப்பம் சிரித்தார். "அட, அது நம்ம டெஸ்ட் கால் மேடம்! உங்களையும் சேர்த்தேன்... மன்னிச்சுக்குங்க."

"பணம் போயிட்டதா மெசேஜ்...?"

"அதுவும் டம்மிதான். சாயங்காலம் தானா சரியாயிடும்."

போன உயிர் திரும்பி வந்தது. மானம்தான் வாசலிலேயே நின்றது.

"அப்ப... பேட்ஜ்?"

"உங்களுக்கா! கீழ மூணு பேர் மாட்டியிருக்காங்க, அவங்களுக்குக் குத்துங்க. நீங்க வாயைத் திறக்கலைன்னா நானும் திறக்கல."

ஹெட்மிஸ்ட்ரஸ் தலையாட்டினார். ஆட்டிய தலை, மேடை வரை நிமிரவே இல்லை.

மேடையில் டிரைவர், கிளார்க், வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத கணக்குப் பிரிவுப் பெண்.

பேட்ஜை எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணிடம் போனார்.

"மேடம்... துப்பட்டாவால மறைச்சுக்கலாமா?" கிசுகிசுத்தாள்.

ஹெட்மிஸ்ட்ரஸின் கை நின்றது.

திரும்பியது.

பேட்ஜைத் தன் புடவையில் குத்திக்கொண்டார்!

"இன்னிக்கு டெஸ்ட் கால்ல நானும் ஏமாந்தேன்" என்றார் மைக்கில். "பேட்ஜ் வேணாம்னு செக்யூரிட்டி சார் சொன்னார். சரின்னு தலையாட்டிட்டு வந்து, இந்தப் பொண்ணுக்குக் குத்தப் போனேன். ரொம்ப அசிங்கமா இருக்கு."

பின் வரிசையில் லோன் மேனேஜர் மெல்ல எழுந்தார்.

"மேடம்... எனக்கும் வேணாம்னார்."

"எனக்கும்!" இன்னொரு குரல். "பணம் போனதா மெசேஜ் வந்துது. டம்மின்னார்!"

"மெசேஜா?" மேடையில் இருந்த கணக்குப் பெண் விழித்தாள். "எங்க மூணு பேருக்கும் ஒண்ணும் வரலியே! நம்பர் சொன்னதும் ‘நீங்க ஃபெயில்’னு சிரிச்சுட்டு வெச்சுட்டாங்க."

ஹெட்மிஸ்ட்ரஸுக்குப் பொறி தட்டியது.

பேட்ஜ் கிடைத்தவர்களுக்குப் பணம் போகவில்லை.

பணம் போனவர்களுக்குப் பேட்ஜ் கிடைக்கவில்லை!

மைக்கைப் பிடித்தபடியே வங்கிக்குப் போன் போட்டார்.

"எங்க உதவித்தொகை நிதியில இருந்து போன ட்ரான்ஸ்ஃபர்... நிஜமா, டம்மியா?"

"டம்மியா! நிஜம் மேடம். பெரிய அமவுன்ட், இன்னும் ஹோல்டுலதான் இருக்கு."

"நிறுத்துங்க! எங்க ஸ்டாஃப் அக்கவுன்ட்ல காலையில இருந்து போனதையும் நிறுத்துங்க!"

மோப்பம் வாசலை நெருங்கியிருந்தார்.

வாட்ச்மேன் குறுக்கே கையை நீட்டினார். "ஐடி கார்டு சார்?"

"யோவ், நான்தான்யா!"

"யாரா இருந்தாலும் கார்டு காட்டாம விடாதேன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

மோப்பத்தின் பாக்கெட்டில் ஐடி கார்டு இல்லை. சாயங்கால விமான டிக்கெட் இருந்தது!

இன்ஸ்பெக்டர் வந்தார். ஹெட்மிஸ்ட்ரஸின் பேட்ஜைப் படித்துவிட்டு இருமினார்.

"ஏமாந்தது... நீங்கதானா மேடம்?"

"காலையில நான்." இன்னொரு பேட்ஜை எடுத்து மோப்பத்தின் சட்டையில் குத்தினார். "இப்ப இவர். வெட்கத்துல வாயை மூடிக்குவேன்னு நம்பிட்டார்."

எல்லோரும் சிரித்தார்கள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஊர் வாயையெல்லாம் பூட்டியது மோப்பம் அல்ல, மஞ்சள் பேட்ஜ். பூட்டைச் செய்து கொடுத்தவர் அவர்.

மீதி பேட்ஜ்களைக் குப்பைத் தொட்டியில் கொட்டினார். தன்னுடையதை மட்டும் கழற்றவில்லை. அறைக்குப் போய், கதவைச் சாத்தாமலே, ரிட்டயர்டு கேஷியருக்குப் போன் போட்டார்.

"சார்... நான் மேடம் பேசறேன். அந்த போட்டோ விஷயம்... நான் பண்ணது தப்பு. என்னை மன்னிச்சுடுங்க."

மறுமுனையில் ஒரு கனைப்பு.

"நல்லாத்தான்டீ மிமிக்ரி பண்றே! ஆனா எங்க மேடம் மன்னிப்புக் கேக்கற ஆளே இல்ல... வை போனை!"