இன்னொருக்கா போடுங்க

அந்தப் பாட்டில் யாரும் பாடவில்லை. புவனாவுக்கு அது நிச்சயமாகத் தெரியும். கருமத்தம்பட்டியில் அப்பாவின் தறிக்கூடத்தில், எல்லாத் தறிகளும் ஒன்றாக ஓடும் இரைச்சலுக்குள் எதில் இழை அறுந்தது என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லி வளர்ந்தவள் அவள். ரேஸ் கோர்ஸ் பக்கத்தில் இருந்த இந்தப் பெரிய வீட்டின் கூடத்தில், ஞாயிற்றுக்கிழமை சாயங்கால வெளிச்சம் திரைச்சீலையின் ஓரத்தில் பழுப்பாக வழிந்துகொண்டிருக்க, சாம்பிராணியும் பழைய தேக்கும் கலந்த வாசனைக்கு நடுவே சாவி கொடுத்த கிராமபோனிலிருந்து வந்ததை அவளால் இழை இழையாகப் பிரித்துச் சொல்ல முடியும். முன்னால் ஊதும் ஒரு கார்னெட், அதைச் சீண்டிக்கொண்டே வளையும் கிளாரினெட், அடியில் இழுத்து முனகும் டிராம்போன், பேஞ்சோ தந்திகளின் கரகரப்பு, எல்லாவற்றின் மேலும் ஊசி உராயும் மழைச் சத்தம். ஏறக்குறைய நூறு வருஷத்துக்கு முந்தைய ஜாஸ். குடும்பத்து மில்லில் இயந்திரம் பூட்ட வந்த யாரோ ஒரு வெள்ளைக்காரர், மாமனாரின் தாத்தாவுக்குக் கொடுத்துவிட்டுப் போன இசைத்தட்டு. அதில் பெண் குரல் இல்லை. ஆண் குரலும் இல்லை.

தட்டு நின்றது. மாமனாரின் நண்பர் நரசிம்மலு கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

"நடுவுல அந்தப் பொண்ணு மூச்சுக்குத் திணறுது பாருங்க. அந்த ஒரு எடத்துக்கே எத்தன தடவ வேணாலும் கேக்கலாம்."

புவனா சிரிக்கப் போனாள். வேறு யாரும் சிரிக்கவில்லை.

அந்த வீட்டில் ஒரு முறை இருந்தது. பாட்டு முடிந்ததும் கேட்டவர்கள் ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த இடத்தைச் சொல்ல வேண்டும். எல்லோரும் சொல்லி முடிக்கும்வரை காபி வராது. கல்யாணமாகி வந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் சமையலறையில்தான் அவள் இருந்தாள். நாயுடு வீட்டுக்கு வந்த கவுண்டர் வீட்டுப் பெண். அவர்கள் தங்களுக்குள் தெலுங்கில் பேசிக்கொள்ளும்போது பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கப் பழகியிருந்தாள். அப்பா அவளோடு பேச்சை விட்டுவிட்டார். அம்மா மட்டும் அவருக்குத் தெரியாமல் போனில் கூப்பிடுவாள். இந்த வீடும் இல்லையென்றால் வேறு வீடு இல்லை. இன்றைக்குத்தான் மாமியார் ரங்கநாயகி, "நீயும் வந்து உக்காரு" என்றிருந்தார்.

"ஆரம்பத்துல என்னமாக் கத்துச்சு அந்தப் புள்ள," என்றார் தொண்டாமுத்தூரில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் குமாரசாமி. "தோப்புல யானை வெரட்டற வெடிக்கே நானு அசைய மாட்டனுங்க. என்னையவே ஆட்டிப்போட்டுது. இப்பக் குரல் தேஞ்சு போச்சுங்க வேங்கடசாமி."

"தேயத்தானுங்க செய்யும்," என்றார் மாமனார். "ஊசி போயிப் போயி வருதில்ல."

"கெஞ்சறாளே, எனக்கு அந்த எடம்," என்றார் மாமியார்.

அவள் கணவன் ரித்விக் தரையைப் பார்த்துக்கொண்டே, "கடைசி," என்றான்.

பிறகு எல்லோரும் புவனாவைப் பார்த்தார்கள்.

கிராமபோனுக்குப் பக்கத்தில் ஓரகத்தி நவ்யா நின்றிருந்தாள். மூத்த மருமகள். தட்டைத் துடைப்பது, ஊசி மாற்றுவது, சாவி கொடுப்பது எல்லாம் அவள் வேலை. அவளுக்குப் பேச்சு இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு தொண்டையில் ஏதோ கோளாறு என்று ரித்விக் சொல்லியிருந்தான். நவ்யா சட்டென்று புவனாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிந்தது. தலை மெல்ல இடமும் வலமும் அசைந்தது.

பொறாமை என்று புவனா நினைத்தாள். தனக்குக் கிடைத்த இடத்தை இவள் பொறுக்கவில்லை.

இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்வது அவள் வளர்ந்த வீட்டில் கிடையாது. விருந்தாளி சாப்பாட்டில் உப்பு இல்லாவிட்டாலும் நல்லா இருக்குதுங்க என்பார். கடன் தர மனமில்லாதவரும் பாக்கலாமுங்க என்பார். அவளுக்கு அது மூச்சு விடுவதுபோல வந்தது.

"நல்லாப் பாடறாங்க," என்றாள். "அந்தக் கடைசில இழுக்கறாங்களே, அதுங்க."

கூடம் தளர்ந்தது. மாமியார் எழுந்து வந்து அவள் கன்னத்தைத் தொட்டார். விரல் குளிர்ந்திருந்தது.

"கண்ணு," என்றார், முதல்முறையாக. "தறிக்கூடத்துல வளந்த குரலு, நல்ல கனம். ஒரு நாளைக்கு எங்களுக்காவ நீயும் பாடோணும்."

"ஆகட்டுங்க அத்தை."

நவ்யாவின் கை நழுவி விழுந்தது. அன்று காபி முதலில் புவனாவுக்கு வந்தது.

அடுத்த நாள் காலையில் தொண்டை கம்மியிருந்தது. பருவநிலை என்று மிளகு போட்ட பாலைக் குடித்தாள். பேசும்போது வார்த்தையின் நுனி உதிர்ந்தது. ரித்விக்கைக் கூப்பிட்டால் 'ரித்' மட்டும் வந்தது, மிச்சம் காற்று. விழுங்கும்போதெல்லாம் உள்ளே மெலிதாக ஒரு உராய்வு, சுற்றிச் சுற்றி வரும் மணல் போல. வெளியே வரும் சத்தம் குறையக் குறைய, மூடிய கூடத்திலிருந்து ஏதோ ஒன்று தன்னைப் போலவே இருமுவதாகத் தோன்றியது. கதவைத் திறந்தாள். கிராமபோன். மூடிய மூடி. யாரும் இல்லை.

"முன்னாடியாட்டக் கத்திப் பேசறதில்ல இப்ப," என்றார் மாமியார், வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே. "ஊட்டுக்கு ஏத்தாப்புல ஆயிட்ட."

ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மா கூப்பிட்டாள். புவனா வாயைத் திறந்தாள்.

"கண்ணு? கேக்குதா கண்ணு?"

உதடு அசைந்தது. நாக்கு அசைந்தது.

"எதுக்கு இப்படி மூச்சு மட்டும் உடற? உங்கப்பனாட்டவே நீயும் மொகத்தத் திருப்பிக்கிட்டியா?" மூக்கை உறிஞ்சும் சத்தம். "சரி சாமி. நல்லா இரு. இனி உன்னையத் தொந்தரவு பண்ணல."

போன் அடங்கியது.

சாயங்காலம் எல்லோரும் வந்தார்கள். அவளுக்கு நடு நாற்காலி. நவ்யா தட்டைத் துடைத்தாள், ஊசியை இறக்கினாள். மழைச் சத்தம். கார்னெட். கிளாரினெட். அடியில், மிக அடியில், தேய்ந்துபோன ஒரு குரல். வார்த்தையே இல்லாத ஒரு சீறல். போன வாரம் இது கேட்கவில்லை. கிராமபோன் பக்கத்தில் நவ்யாவின் உதடுகள் அதோடு சேர்ந்து அசைந்தன.

பிறகு அது நின்றது. நவ்யாவின் உதடுகளும் நின்றன.

அந்த இடத்தில் புதிய குரல் எழுந்தது. கனமான குரல். தறிச் சத்தத்தைத் தாண்டிக் கூப்பிட்டுப் பழகிய குரல்.

அவளுடையது.

கத்தியது. அம்மா என்று கத்தியது. ஊசி குரலின்மேல் ஏறியது. தொண்டைக்குள் மணல் இல்லை இப்போது. இரும்பு. அவள் நாற்காலியின் கையைப் பற்றினாள். டிராம்போன் இழுத்தது. குரல் கெஞ்சியது. அங்கேயும் பழக்கம் விடவில்லை.

"போதுமுங்க... வலிக்குதுங்க... உட்ருங்க..."

தாளம் பிசகாமல், பேஞ்சோவுக்கு இடையிடையே.

தட்டு நின்றது. தொண்டைக்குள் ஒன்றும் இல்லை. வெறும் குழி.

நரசிம்மலு அழுதுகொண்டிருந்தார். குமாரசாமி கையைத் தொடையில் தட்டினார். "அட அட. வலிக்குதுங்கன்னு சொல்லுது பாருங்க. என்ன மரியாத."

"வளர்ப்பு," என்றார் மாமியார் பெருமையாக.

ரித்விக் அவள் கையைப் பிடித்து முத்தமிட்டான். அவன் கண் ஈரமாக இருந்தது.

வாசற்கதவு திறந்திருந்தது. சாலையில் பஸ் போனது. எழுந்து நடந்தால் யாரும் தடுக்கமாட்டார்கள். நவ்யா இத்தனை நாளும் ஏன் போகவில்லை என்று அப்போது புரிந்தது. போனால், ஆகட்டுங்க என்று தானே கொடுத்த குரலை இங்கே விட்டுவிட்டுப் போக வேண்டும். இருந்தால் அந்த ஒரு பாட்டு நேரமாவது கேட்கலாம். கேட்கக் கேட்கத் தேயும்.

நவ்யா ஊசிப் பெட்டியை அவள் மடியில் வைத்தாள். ஒரு மூலைக்குப் போய்ச் சுவரோடு சுவராக நின்றாள். இனி அவளுக்குக் கேட்க ஒன்றும் இல்லை.

"ஏனுங்க அம்மணி," என்றார் குமாரசாமி, வெகு பணிவாக. "தப்பா நெனைக்காதீங்க. இன்னொருக்கா போடுங்க."

புவனா எழுந்தாள். புது ஊசியைப் பொருத்தினாள். சாவியைச் சுற்றத் தொடங்கினாள்.