தாலாய் போட்ட சுவிட்ச்

மறுபடியும் நீலத்திரை!

கணினி தானாக அணைந்தது. தானாகத் தொடங்கியது. திரும்பவும் நீலமானது.

நரின் நகரப் பள்ளியின் ஐந்தாம் வகுப்பு மாணவர்கள் முகம் வாடி நின்றார்கள். குளிர்காலம் முழுக்கக் கம்பளிப் பொம்மைகளை வைத்து அவர்கள் எடுத்த படம் அதற்குள்தான் இருந்தது. மதியம் வசந்தப் புத்தாண்டான நவுரூஸ் விழா. பெற்றோர்கள் படம் பார்க்க வருகிறார்கள்.

பழுதுபார்க்க வந்த எல்தார் உதட்டைப் பிதுக்கினார். "கடைக்குத் தூக்கிட்டுப் போறேன், டீச்சர். படத்தை வெளிய எடுத்துட்டு, மத்ததை அழிச்சுப் புதுசா போடணும். ரெண்டு நாளாகும்."

"ரெண்டு நாளா? யாரு இதைத் தொட்டது?" ஜிபெக் டீச்சரின் குரல் உயர்ந்தது.

மாணவர்கள் மெல்லப் பலகாரத் தட்டின் பக்கம் நகர்ந்தார்கள்.

விழாவுக்கு எண்ணெயில் சுட்ட போர்சோக் பணியாரத்தை எல்லோரும் மென்றுகொண்டிருந்தார்கள். தாலாய் மட்டும் கையிலிருந்ததைக் கடிக்கவே இல்லை. அவன் வகுப்புத் தோழி பெர்மெத் அதைக் கவனித்தாள். அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"உங்கப்பா இன்னைக்கா வேலைக்கு ரஷ்யாவுக்குக் கிளம்புறார்?"

"சாயங்காலம். நம்ம படத்துல வர்ற ஓநாய்க்கு நான்தான் குரல் குடுத்தேன்னு அவர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்." அவன் கண் கலங்கியது.

"போன வாரம் கீபோர்டுல டீயைக் கொட்டினது நான்தான். யார்கிட்டயும் சொல்லிடாதே" என்று கிசுகிசுத்தாள் பெர்மெத்.

தாலாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு மெதுவாகச் சொன்னான்: "நேத்து திரையில ஒரு எச்சரிக்கை வந்துச்சு. 'நினைவகப் பாதுகாப்பு அணைந்துள்ளது'ன்னு. பாதுகாப்புதானேன்னு ஆன் பண்ணிட்டேன்."

"அவ்வளவுதானே? வா, சொல்லிடலாம். நானும் கூட வர்றேன்."

தாலாய் சொன்னதைக் கேட்டதும் எல்தார் நிமிர்ந்தார். "அட, இதை முதல்லயே சொல்லக் கூடாதா!"

"திட்டுவீங்கன்னு..."

"எதுக்குடா திட்டணும்? நீ செஞ்சது நல்ல காரியம்தான். ஏதோ ஒரு பழைய மென்பொருள் நினைவகத்துல நுழையப் பாக்குது. பாதுகாப்பு விடமாட்டேங்குது. அந்த மல்லுக்கட்டுலதான் இது விழுந்து விழுந்து எந்திரிக்குது. இதுல பழசா எதையாவது மாட்டினீங்களா?"

பெர்மெத் யோசித்தாள். "நுண்ணோக்கி கேமரா! எறும்பைப் பெருசாக் காட்டுமே, அது! உடைஞ்சுபோய் அலமாரியில கிடக்கு. அதோட மென்பொருள் இன்னும் இதுக்குள்ளதானே இருக்கும்?"

"பலே!"

மிக அவசியமானதை மட்டும் வைத்துக் கணினியைத் தொடங்க ஒரு வழி உண்டு. எல்தார் அப்படித் தொடங்கினார். எழுத்துகளெல்லாம் பூதாகரமாகத் தெரிந்தன. ஆனால் நீலத்திரை வரவில்லை. கேமராவின் மென்பொருளைத் தாலாயே தேடிப் பிடித்து நீக்கினான்.

"பாதுகாப்பையும் அணைச்சிடவா?"

"வேண்டாம், அது பாட்டுக்கு இருக்கட்டும்."

மறுபடி தொடங்கினார்கள். வகுப்பே கணினியைச் சுற்றி நெருக்கியடித்தது. கறுப்புத் திரை... இன்னும் கறுப்புத் திரை... கணினி முகப்பில் இருக்கும் வழக்கமான குதிரைப் படம்!

"அப்பாடா!" டீச்சர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். தாலாயை அருகே இழுத்து, "பயமுறுத்திட்டேனாடா?" என்றார்.

"கொஞ்சம், டீச்சர்."

மதியம் கூடம் நிறைந்துவிட்டது. திரையில் கம்பளி ஓநாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஊளையிட்டது. முதல் வரிசையில் ஒருவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு பக்கத்தில் இருந்தவர்களை எல்லாம் தட்டித் தட்டிச் சொன்னார்:

"ஓநாய் என் பையன்! ஆமாங்க, அந்த ஓநாய் என் பையன்தான்!"