பாக்கெட்டின் பின்பக்கம்

உலக முதலாளித்துவத்தின் முதுகெலும்பை முறிக்கும் மாபெரும் போர், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், முதலியார்பேட்டையில் ஆதிமூலத்தின் வீட்டுக் கூடத்தில் தொடங்கியது. தொடங்கிய கையோடு, இஞ்சி டீ வரட்டும் என்று உட்கார்ந்துகொண்டது.

டீ போட வேண்டியவள் தனக்கொடி. அடுப்படியிலிருந்து கூடத்தை எட்டிப் பார்த்தாள். நடு நாற்காலியில் அவள் புருஷன். சுற்றிலும் போராட்டக் கமிட்டி. மூடிப்போன மில்லில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். எல்லோரும் பேரன் பேத்தி எடுத்தவர்கள். ஆனால் ஒருவர் தலையிலும் ஒரு நரை கிடையாது. போராட்டம் மனிதனை இளமையாக வைத்திருக்கும் என்று ஆதிமூலம் மேடையில் சொல்வதுண்டு.

போராட்டம் பொய்யில்லை. ஊருக்கு வெளியே இருக்கும் வெளிநாட்டு சோப்புத்தூள் கம்பெனியில், பாக்கெட் போடும் பெண்களின் கைகளை அந்தத் தூள் தின்றது. கையுறை கேட்டார்கள், கிடைக்கவில்லை. சங்கம் வைத்தார்கள், வேலை போயிற்று. அப்படிப் போனவர்களில் ஒருத்தி வேம்பு, ஆதிமூலத்தின் தங்கை. புருஷனை இழந்து அண்ணன் வீட்டோடு வந்துவிட்டவள். உள்ளங்கை இரண்டும் வெடித்திருந்தன. குழம்பின் காரம் பட்டால் உயிர் போகும். அதனால் வேளாவேளைக்குச் சோறு பிசைந்து அவளுக்கு ஊட்டிவிடுவது தனக்கொடிதான்.

"ஆ காட்டுடி" என்பாள். நாற்பது வயதுக்காரி கூச்சத்தோடு வாயைத் திறப்பாள். மகள் சரிதா கல்யாணமாகிக் கடலூர் போன பிறகு, அந்த வீட்டில் தனக்கொடியிடம் நாலு வார்த்தை பேச இருந்த ஒரே ஜீவன் இந்த நாத்தனார்தான்.

கம்பெனி சரக்கை ஒருவரும் வாங்கக் கூடாது என்பது சங்கத்தின் அறைகூவல். ஆனால் கம்பெனி பொருளுக்கொரு பெயர் வைத்து விற்றது. சொந்தப் பெயர் பாக்கெட்டின் பின்பக்கம் எறும்பு எழுத்தில் இருக்கும். ஆகவே ஆதிமூலம் ஒரு முழக்கம் கண்டுபிடித்தார்: 'திருப்பிப் பார்!' சுவரெல்லாம் அதுதான். தனக்கொடியும் மகளிர் குழுவின் மற்றப் பெண்களும் கடை கடையாக ஏறி, சோப்பு, ஷாம்பு, பற்பசை என்று ஒவ்வொன்றையும் திருப்பிக் காட்டினார்கள்.

டீ டம்ளர்கள் கூடத்துக்கு வந்த நேரத்தில் கொல்லைப்பக்கத்திலிருந்து வேம்பு வந்தாள். விரல் நுனியில் ஒரு காலிப் பாக்கெட்.

"ண்ணா... நம்ம வூட்டுக் குப்பையில கெடந்துது. திருப்பிப் பாத்தேன். அவனுங்க பேருதான் போட்டிருக்குது!"

தலைக்குப் போடும் கறுப்புச் சாயம். உள்ளே துளி மிச்சமில்லை.

செயலாளர் சிலம்பரசன் தன் டம்ளருக்குள் எதையோ தேடினார். ஆதிமூலத்தின் முகம் வெளுத்தது. மூலக்குளம் வரை ஸ்கூட்டரில் போய், தன்னைத் தெரியாத கடையில் அதை வாங்கி, சங்கக் கொடிகள் இருக்கும் பெட்டிக்குள் ஒளித்துவைத்து, கதவைச் சாத்திக்கொண்டு பூசிக்கொள்வது அவர்தான். பின்மண்டைக்குக் கை எட்டாது. அங்கே மட்டும் தனக்கொடி பூசிவிடுவாள். ஊரையே திருப்பிப் பார்க்கச் சொன்னவர் அந்தப் பாக்கெட்டை ஒருநாளும் திருப்பியதில்லை.

"யாரு வாங்கினது இத?" என்றார். கேள்வி எல்லோருக்கும்; பார்வை பெண்டாட்டிக்கு.

அந்தப் பார்வையை அவள் அறிவாள். கல்யாணமான நாளாக அது கேட்டதையெல்லாம் கொடுத்துப் பழகியவள். ஒருகணம் வேம்புவின் கையைப் பார்த்தாள். தலைவர் தலையிலேயே எங்கள் சரக்கு என்று கம்பெனிக்காரன் நாளைக்கே சிரிப்பான்... அப்புறம் இந்தக் கைக்கு எவன் நியாயம் கேட்பான்?

"நாந்தாங்க வாங்கினேன்" என்றாள்.

சொல்லிவிட்டு அங்கேயே நின்றாள். அவள் தலை தும்பைப்பூவாக வெளுத்திருந்தது. சாயம் என்று ஒன்றை அந்தத் தலை கண்டதேயில்லை. ஜன்னல் வெயில் அதன் மேல்தான் விழுந்தது. யாராவது ஒருவர் நிமிர்ந்து பார்த்தால் போதும். ஆனால் எல்லோரும் பாக்கெட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்களா அண்ணி?" வேம்புவின் குரல் உடைந்தது. "தெனம் இந்தக் கைக்கு மருந்து போட்டுக்கிட்டே அவனுங்களுக்குத் துட்டு குடுத்தீங்களா? இந்த வயசுல மினுக்கிக்கிட்டு எங்க போவப் போறீங்க? ஐயோ... உங்களப் போயி அம்மா மாதிரின்னு நெனைச்சேனே!"

ஆதிமூலத்துக்கு மூச்சு திரும்பியது. மூச்சோடு மேடைத் தமிழும் திரும்பியது.

"தோழர்களே! துரோகம் என் இல்லத்திலேயே நுழைந்திருக்கிறது. மனைவி என்பதற்காக நான் வளைந்து கொடுக்க மாட்டேன்! மகளிர் குழுவிலிருந்து தனக்கொடியை நீக்க முன்மொழிகிறேன்."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. டீ ஆறிப்போச்சே என்று ஒருவர் குறைப்பட்டார். தனக்கொடி எடுத்துப்போய்ச் சூடு பண்ணிக் கொடுத்தாள்.

அன்று மத்தியானம் முதல் வேம்பு ஸ்பூனால் சாப்பிட்டாள்.

வெடித்த கையில் ஸ்பூன் நிற்காது. சோறு மடியில் சிந்தும். தனக்கொடி ஓரெட்டு எடுத்து வைத்தால், "ஒண்ணும் வேணாம்" என்று தட்டோடு திரும்பிக்கொள்வாள். அந்த ஸ்பூன் தட்டில் கணீர் கணீரென்று மோதும் சத்தம்தான் அப்புறம் அந்த வீட்டில் பேச்சு. எதிர்வீட்டுக் கலைமகள் கோலம் போடும்போது தலையைத் தூக்குவதில்லை. சரிதாகூட போனில், "என்னாம்மா நீ... இங்க என் மாமியா வூட்டுல சிரிக்கிறாங்க" என்றாள். சமைத்த சட்டியைக் கவிழ்த்துவிட்டு, அடுப்படிச் சுவரில் சாய்ந்து, தனக்கொடி தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருப்பாள். பிசைந்து கொடுக்க ஆளில்லாத கை.

ஒரு மாதம் கழித்து, சங்கத்தின் பொதுக்கூட்டத்தன்று காலையில் ஆதிமூலம் கதவிடுக்கு வழியாகக் கூப்பிட்டார். பெட்டியில் இன்னொரு பாக்கெட் மிச்சமிருந்தது. காசு போட்டு வாங்கியதை வீணாக்குவானேன் என்று முன்பக்கம் பூசி முடித்திருந்தார்.

"தனம்... பின்னால மட்டும் கொஞ்சம் தடவி வுடேன்."

"வேணாங்க" என்றாள் அவள். "நீங்க நீக்கி வெச்ச கையி இது. தலைவர் தலையில படலாமா?"

அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

சாயங்காலம் கடைத்தெரு முனையில் மேடை. ஆதிமூலம் மைக்கைப் பிடித்துப் பன்னாட்டு மூலதனத்தை உலுக்கிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் நாற்காலியில் வேம்பு. அடுத்துப் பேச வேண்டியவள். துணி சுற்றிய கைகளை மடியில் வைத்தபடி நிமிர்ந்தாள். குழல்விளக்கு வெளிச்சத்தில், கண்ணுக்கு நேரே, அண்ணனின் பின்மண்டை. காதுவரை கரிக்கட்டையாக இருந்த தலை, அதற்குப் பின்னால் வெள்ளைவெளேரென்று கிடந்தது.

வேம்புவுக்கு ஒன்றும் ஓடவில்லை. பார்வை தானாகக் கூட்டத்தைத் தாண்டிப் போயிற்று. கடைசியில், சைக்கிள்கள் நிறுத்திய இடத்தில், ஒட்டாமல் தனியாக நின்றுகொண்டிருந்தது ஒரு வெள்ளைத் தலை.

"ஐயோ... அண்ணி!"

மேடையிலிருந்து இறங்கி ஓடினாள். கூட்டம் விலகி வழிவிட்டது. தொழிலாளி உணர்ச்சிவசப்பட்டு ஓடுகிறாள் என்று யாரோ கைதட்டினார்கள், எல்லோரும் தட்டினார்கள். ஆதிமூலம் தனக்குத்தான் என்று எண்ணி, குரலை இன்னும் உயர்த்தினார்.

"ஏன் அண்ணி... ஏன் சொல்லல?" தனக்கொடியின் தோளில் விழுந்து வேம்பு விம்மினாள். "கூடவே இருந்துக்கிட்டு உங்க தலைய ஒரு தபா நிமிந்து பாக்காத பாவி ஆயிட்டேனே!"

"கத்தாதடி. மைக்குல கேட்டுறப் போவுது."

"கேக்கட்டும்! மானம் அவருக்கு மட்டுந்தானா? உங்களுக்கில்லியா?"

தனக்கொடிக்கு அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது. "நீ அந்தக் கரண்டியத் தூக்கிப் போடுடி..." என்றாள். "வேற எதுவும் எனக்கு வேணாம்."

வீட்டுக்கு வந்து ரசம் சோறு பிசைந்தாள். வேம்பு வாயைத் திறந்தாள். திரும்பி வந்த ஆதிமூலம் வாசற்படியிலேயே நின்றார். தங்கை அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எந்த வாயால அண்ணிய நீக்குனீங்களோ, அதே வாயால, அதே கமிட்டியில சொல்லணும் ண்ணா. இல்லன்னா நான் சொல்றேன்."

அவர் தனக்கொடியைப் பார்த்தார், பழைய பார்வை. அவள் அடுத்த கவளத்தை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"தப்புத்தான் தனம்..." என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேடைக் குரல் வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே கூடத்தில் எழுந்து நின்று, கைகூப்பி, எல்லாவற்றையும் சொன்னார். எந்தக் கடை என்பதையும் சொன்னார். தனக்கொடி வாசற்படியில் வேம்புவின் பக்கத்தில் நின்று கேட்டாள். ஒரு கண்டனம் வரும், ஒரு கேள்வியாவது வரும் என்று ஆதிமூலம் காத்திருந்தார். எவரும் வாய் திறக்கவில்லை. தனக்கொடியை மறுபடி சேர்க்கும் தீர்மானத்தைச் சிலம்பரசன் அவசரமாக முன்மொழிந்து, மீசையைக் கையால் மறைத்துக்கொண்டார்.

கமிட்டியில் எல்லோரும் மூலக்குளத்தில் அந்த ஒரே கடையில்தான் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.