கவிழ்த்து வைத்த முக்காலி

காலைப் பேருந்து அவர்களை ஒல்ஷாங்கா விலக்கில் இறக்கிவிட்டபோது மணி பத்து. மார்ச் மாதக் கடைசி. பனி உருகிச் சாலை முழுக்கச் சேறாகக் கிடந்தது. ஸெனோன் தன் நகரத்துக் காலணியைப் பார்த்தான், சேற்றைப் பார்த்தான், பிறகு செத்துப்போன மாமனாரை மனசுக்குள் திட்டினான். சாகிறதற்குக்கூட அந்த மனிதருக்கு ஒரு நல்ல மாதம் கிடைக்கவில்லை.

ஸெனோன் லூப்ளின் நகரத்தில் இயற்பியல் வாத்தியார். சனிக்கிழமைதோறும் தொழிலாளர் மன்றத்தில் மூடநம்பிக்கைக்கு எதிராக ஒரு மணி நேரம் பேசுவான். கறுப்புப் பூனை, பதின்மூன்றாம் எண், உடைந்த கண்ணாடி, எதையும் விட்டுவைக்கமாட்டான். "கிராமத்து ஜனங்கள்" என்று சொல்லும்போது அவன் உதடு ஒரு பக்கமாகக் கோணும். அந்தக் கோணலுக்காகவே கைதட்ட நாலு பேர் இருந்தார்கள்.

விலக்கிலிருந்து கொஞ்ச தூரம் நடந்ததும், உடம்பெல்லாம் கரியாக, தோளில் தூரிகையும் கயிறுமாக, புகைபோக்கி சுத்தம் செய்கிறவன் ஒருவன் சைக்கிளில் எதிரே வந்தான். ஸெனோனின் வலது கை தானாக எழுந்து கோட்டுப் பொத்தானைப் பிடித்தது. சைக்கிள் தாண்டிப் போகிறவரை விடவில்லை. புகைபோக்கிக்காரனைக் கண்டதும் பொத்தானைப் பிடித்தால் அதிர்ஷ்டம் என்பது அந்த நாட்டில் சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்லும் சங்கதி.

"வாத்தியாரே, பொத்தான்" என்றாள் அவன் மனைவி யாத்விகா.

"காத்துல கோட்டு திறந்துக்குது. அதுக்குப் பிடிச்சேன்."

அவள் சிரித்தாள். தந்தி வந்த இரண்டு நாளில் அதுதான் முதல் சிரிப்பு. ஸெனோனிடம் இந்த மாதிரி ஒரு மூட்டை உண்டு என்பது அவளுக்கு மட்டும் தெரியும். நல்ல சேதி சொன்னால், கண் படாமல் இருக்க, மேசைக்கு அடியில் வண்ணம் பூசாத கட்டையாகத் தேடிப் பிடித்துத் தட்டுவான். கிளம்பிய பிறகு எதையாவது மறந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினால், ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பத்துவரை எண்ணிவிட்டுத்தான் மறுபடி வாசலைத் தாண்டுவான். கேட்டால், இன்னும் எதை மறந்தோம் என்று யோசிக்க அது உதவுகிறதாம். மற்றவன் செய்தால் மூடத்தனம், தான் செய்தால் பழக்கம். ஊருக்குத்தானே உபதேசம்!

அப்பாவின் வீட்டுக் கூரை தெரிந்ததும் யாத்விகாவின் சிரிப்பு நின்றது. நடையும் நின்றது.

"சாயங்காலம் அஞ்சு மணி பஸ்ல நாம ரெண்டு பேரும் ஏறிடணும். ஒரு ராத்திரிகூட அந்த வீட்டுல தங்கமாட்டேன். சத்தியம் பண்ணு."

"செத்தவரு என்ன பண்ணிடுவாரு?"

"நீ பண்ணு."

பண்ணினான். அவளுக்காக, அந்த ஒரு விஷயத்தில் மட்டும், கிண்டல் இல்லாமல் பண்ணினான்.

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. அப்பா வின்ஸென்டி நல்ல உயரம், நல்ல கனம், கெட்ட குணம். அம்மா போனபோது யாத்விகாவுக்குப் பன்னிரண்டு வயது. அன்றையிலிருந்து சமையல் அவள், மாடு அவள், துணி அவள். பொழுது சாய்ந்தால் அவர் உள்ளே வந்து உட்கார்ந்து காலை நீட்டுவார். அவள் மண்டியிட்டு பூட்ஸைக் கழற்றவேண்டும். தாமதமானால் அந்த பூட்ஸே பதில் சொல்லும். இருபத்தாறு வயதில் அவள் ஸெனோனைக் கட்டிக்கொண்டு கிளம்பியபோது அவர் கத்தவில்லை. போ, ஆனால் ஒருநாள் இங்கேயே வந்து மண்டியிடப்போகிறாய் என்று மட்டும் சொன்னாராம். ஒன்பது வருஷம் அவள் அந்த ஊர்ப் பக்கம் திரும்பவில்லை.

வீட்டுக்குள் மெழுகு வாசனையும் பைன் மர வாசனையும், அதற்கடியில் வேறொரு வாசனையும் இருந்தது. கண்ணாடியைத் துண்டு போட்டு மூடியிருந்தார்கள். கடிகாரத்தை நிறுத்தியிருந்தார்கள். ஜன்னல் ஒன்று திறந்திருந்தது, உயிர் வெளியே போக. ஸெனோன் ஒவ்வொன்றாகப் பார்த்து, உதட்டைக் கோணி, சனிக்கிழமைக்கு ஆகும் என்று மனசில் குறித்துக்கொண்டான். நாற்காலி, பெஞ்சு எல்லாம் சாவுச் சாப்பாட்டுக்காகத் தானியக் கொட்டகைக்குப் போய்விட்டன. அறை நடுவே இரண்டு முக்காலிகள்மேல் சவப்பெட்டி மட்டும் இருந்தது.

பெட்டியைத் தூக்கினார்கள். நிலைப்படியில் அதன் அடியை மூன்று முறை தட்டினார்கள். செத்தவர் வீட்டிடம் விடைபெறுகிறாராம். பெட்டி வெளியே போன அதே நிமிஷம் பக்கத்து வீட்டு ஜெனோவேஃபா அவசரமாகப் போய் இரண்டு முக்காலிகளையும் காலால் உதைத்துக் கவிழ்த்துப்போட்டாள். அறுபது வயதுக்காரி, தடித்த கை, மீசைபோல மேலுதட்டில் முடி.

இது எதற்கு என்று கேட்டான் ஸெனோன். போனவர் திரும்பி வந்தால் உட்கார இடம் இருக்கக்கூடாது, அதற்கு என்றாள் அவள். அப்படியானால் கொட்டகையில் நாற்பது நாற்காலி இருக்கிறதே, அங்கே போய் உட்காரமாட்டாரா என்று கேட்டான். அவள் தலைமுக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே போனாள். அவன் வெற்றி பெற்றவனாக வெளியே வந்தான்.

ஊர்வலம் கிணற்றைத் தாண்டியபோது கை விறைத்தது. கையுறைகளை உள்ளே ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு வந்திருந்தான். யாத்விகாவிடம் சொல்லிவிட்டுத் திரும்பினான்.

வீட்டில் யாரும் இல்லை. ஜன்னல் வழியே காற்று வந்து துண்டை அசைத்துக்கொண்டிருந்தது. கையுறையை எடுத்தான். வாசல்வரை போனான். அங்கே நின்றான்.

உட்காரவேண்டும். பத்து எண்ணவேண்டும்.

தன்னை நினைத்து அவனுக்கே கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் யாரும் பார்க்கவில்லையே. உட்கார இடம் தேடினான். அறையில் இருந்தது கவிழ்ந்து கிடந்த அந்த இரண்டு முக்காலி மட்டும். ஒன்றை ஒற்றைக் கையால் தூக்கி நிமிர்த்தி உட்கார்ந்தான். வெறும் பைன் பலகை, கனமே இல்லை.

ஒன்று, இரண்டு, மூன்று. தூரத்தில் பாதிரியாரின் மணி கேட்டது. நான்கு, ஐந்து. ஆறில் மணி கேட்கவில்லை. ஏழில் துண்டு அசைவது நின்றது. எட்டில் மலிவான புகையிலையும் ஈரத் தோலும் கலந்த ஒரு நெடி வந்தது. பழைய வீடு, பழைய நெடி என்று நினைத்துக்கொண்டான்.

ஒன்பது. பத்து. எழுந்தான்.

அவன் இரண்டு அடி வைத்த பிறகு, பின்னால், முக்காலி கிறீச்சிட்டது.

பாரம் ஏறும்போது வருமே, அந்தச் சத்தம்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. ஈர மரம் காய்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு, நடையா ஓட்டமா என்று சொல்லமுடியாத வேகத்தில் கல்லறைக்குப் போனான்.

அங்கே எல்லாம் ஒழுங்காக நடந்தது. குழியிலிருந்து எடுத்த மஞ்சள் களிமண் எல்லோர் காலிலும் ஒட்டியது. யாத்விகா அழவில்லை. ஒரு பிடி மண் போட்டுவிட்டுக் கையை மூன்று முறை துடைத்துக்கொண்டாள். திரும்பும் வழியில் அவள் முகம் தெளிந்திருந்தது. ஊருக்குப் போனதும் சமையலறைக்கு வெள்ளை அடிக்கலாமா என்று கேட்டாள். மணி மூன்றரை.

கொட்டகையில் சூப்பு, கெண்டை வறுவல், கசகசாவும் தேனும் போட்ட கோதுமைப் பாயசம், ஆண்களுக்கு வோட்கா. இரண்டு கோப்பை உள்ளே போனதும் ஸெனோனுக்கு மன்றத்துப் பேச்சு வாயில் வந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தொடங்கி, மூடிய கண்ணாடியையும் நின்ற கடிகாரத்தையும் வறுத்தெடுத்துக்கொண்டிருந்தான். சாவு வீட்டில் மாப்பிள்ளையை யார் எதிர்த்துப் பேசுவது? குனிந்து சாப்பிட்டார்கள். யாத்விகா கைப்பையை எடுத்துவர வீட்டுக்குப் போனாள். அவள் பின்னாலேயே ஜெனோவேஃபா உப்பு எடுக்கப் போனாள்.

ஜெனோவேஃபா மட்டும் திரும்பி வந்தாள். கையில் உப்பு இல்லை.

"மாப்ளே, ஒரு முக்காலி நிமிந்து நிக்குதே. யாரு நிமித்தினது?"

"நான்தான்" என்றான் ஸெனோன் சிரித்தபடி. "உக்காந்தும் பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு."

"உக்காந்துட்டு, திரும்பக் கவுத்தீங்களா?"

கொட்டகையில் கரண்டிச் சத்தம் நின்றது. அவன் சிரிப்பு யாரிடமும் ஒட்டாமல் கொஞ்ச நேரம் தனியாக நின்று, பிறகு அடங்கியது.

"யாத்விகா எங்க?" என்றான்.

ஜெனோவேஃபா வீட்டைப் பார்த்தாள்.

அவன் முற்றத்தைத் தாண்டி ஓடினான். கதவு பாதி திறந்திருந்தது. அந்த நெடி இப்போது வாசலிலேயே அடித்தது.

யாத்விகா அறை நடுவே மண்டியிட்டிருந்தாள். முன்னால் முக்காலி. அதில் யாரும் இல்லை. அவளுடைய இரண்டு கைகளும் தரைக்கு ஒரு முழம் மேலே எதையோ பிடித்து, ஆட்டி ஆட்டி, மெதுவாகத் தன் பக்கம் இழுத்தன.

இழுத்தது கழன்று வந்ததுபோல அவள் உடம்பு பின்னால் சாய்ந்தது. அதைப் பக்கத்தில் வைத்தாள்.

தரையில் 'தொப்' என்று சத்தம் கேட்டது.

அவள் அடுத்ததற்குக் கை நீட்டினாள். உள்ளங்கை இரண்டும் மஞ்சள் களிமண்.

"யாத்விகா, எழுந்திரு. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"மெதுவா பேசு" என்றாள், திரும்பாமல். "களைச்சு வந்திருக்காரு."

ஸெனோனுக்குக் கோபம் வந்தது. அவ்வளவு பயத்திலும் கோபம்தான் முதலில் வந்தது. பாய்ந்து போய் முக்காலியின் காலைப் பிடித்து இழுத்தான். அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்தான். தரையில் கால் ஊன்றித் தோள் எலும்பு நோக இழுத்தான். காலையில் ஒற்றைக் கையால் தூக்கிய பலகை, ஓர் அரை அங்குலம்கூட நகரவில்லை.

அவன் தலைக்கு மேலே யாரோ மூச்சு விட்டார்கள்.

சூடில்லாத மூச்சு. புகையிலை.

அதன் பிறகு எப்படி முற்றத்துக்கு வந்தான் என்பது அவனுக்கே தெரியாது. சேற்றில் விழுந்திருந்தான். கொட்டகையிலிருந்து எல்லோரும் வெளியே வந்து தூரத்தில் கும்பலாக நின்றார்கள். ஒருவரும் கிட்டே வரவில்லை. ஜெனோவேஃபா மட்டும் வந்து அவனைக் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

"கவுத்துப் போடுங்க அத்தே" என்றான். "காலையில செஞ்சீங்களே, அதே மாதிரி. வாங்க, உங்களுக்குத்தான் தெரியும்."

"காலி முக்காலியக் கவுக்கலாம், மாப்ளே. உக்காந்தவர எப்படிக் கவுக்கறது?"

"அப்போ அவ?"

"அவளா வெளிய வந்தாத்தான் உண்டு. இல்ல, நீங்க போய்க் கூட்டிட்டு வரணும்."

விலக்குப் பக்கம் பேருந்தின் ஹாரன் கேட்டது. ஐந்து மணி ஆகப்போகிறது. வெயில் இன்னும் கூரைமேல் இருந்தது. அந்த வெளிச்சத்தில், கதவு நன்றாகத் திறந்து, யாத்விகா வாசலுக்கு வந்தாள்.

நிலைப்படிக்கு உட்புறம் நின்றாள். வலது கையை வெளியே நீட்டினாள். இடது கை முதுகுக்குப் பின்னால் இருந்தது, தோள் ஒருபக்கம் இழுபட்டு. யாரோ அந்தக் கையைப் பிடித்திருக்கவேண்டும்.

"வாத்தியாரே" என்றாள். அவளுடைய சொந்தக் குரல். காலையில் பொத்தானைப் பார்த்துச் சிரித்தவளின் குரல். "இழு."

ஸெனோன் இரண்டே எட்டில் படிக்கு முன்னால் வந்தான். கையை உயர்த்தினான். அவள் விரல் நுனிக்கும் அவன் விரல் நுனிக்கும் நடுவே ஒரு சாண்தான் இருந்தது.

அங்கே நின்றுவிட்டான்.

நிலைப்படிக்குக் குறுக்கே கை கொடுக்கக்கூடாது. கொடுத்தால் பிரிவு வரும், சில வீடுகளில் சாவும் வரும். அந்த நாட்டில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் இது தெரியும். ஸெனோன் இதைப் பற்றி மன்றத்தில் தனியாக ஒரு சனிக்கிழமை முழுக்கப் பேசியிருக்கிறான். அன்று பலமான கைதட்டல்.

"நீ படியத் தாண்டி வா" என்றான். "வெளிய வந்துடு, பிடிச்சுக்கறேன்."

"முடியல. இழு."

உள்ளே போய் அவளைத் தூக்கிக்கொண்டு வரலாம். அந்த மூச்சை நினைத்தான், கால் வரவில்லை. இங்கிருந்தே இழுக்கலாம். கை வரவில்லை. நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு அழுகை வந்தது. அவளை அவன் நிஜமாகவே நேசித்தான், அதிலெல்லாம் பொய் இல்லை. ஆனாலும் கை அந்த ஒரு சாணைக் கடக்கவில்லை.

யாத்விகா அவன் கையைப் பார்த்தாள், பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

ஜெனோவேஃபா அவன் பின்னாலிருந்து, கோபமே இல்லாமல், சேற்றைப் பார்ப்பதுபோல அவனைப் பார்த்துச் சொன்னாள்.

"அந்தப் பயம் எங்களுக்குத்தானே, மாப்ளே. உங்களுக்கு என்ன?"

அவன் கையை எட்டிப் போட்டான். யாத்விகாவின் விரல்கள் அங்கே இல்லை. அவள் பின்னால் நடந்து போகவில்லை. இழுபட்டுப் போனாள், குதிகால் இரண்டும் பலகையில் உரச. கதவு சாத்திக்கொண்டது. ஸெனோன் அதன்மேல் விழுந்து அவள் பெயரைச் சொல்லித் தட்டினான், உதைத்தான். விலக்கில் பேருந்து நின்று, காத்திருந்து, கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.

பிறகு உள்ளே, கதவின் உச்சியில், ஒரு தாழ்ப்பாள் நிதானமாக நகர்ந்து விழுந்தது. வின்ஸென்டி தன் உயரத்துக்கு வாகாகத் தானே அடித்து வைத்த தாழ்ப்பாள் அது. பிறந்து வளர்ந்த இருபத்தாறு வருஷத்தில் அது ஒருநாளும் யாத்விகாவின் கைக்கு எட்டியதில்லை.