பாங்கொக்கில் மூன்று நாள் எதற்கு?

நோர்வேயின் ஒஸ்லோ நகரில், வெஸ்ட்லி என்ற பகுதியில், எட்டாவது மாடியில் இருந்த சாருகாவின் வீட்டில் ஒரு வாரமாக இந்த ஒரே கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது.

பாஸ்கா என்னும் ஈஸ்டர் விடுமுறைக்கு அவர்கள் யாழ்ப்பாணம் போகிறார்கள். ஒஸ்லோவிலிருந்து கொழும்புக்கு எத்தனையோ வழிகள் இருக்க, பாங்கொக் வழியாகத்தான் போகவேண்டும் என்று அம்மா துஷாரா ஒற்றைக்காலில் நின்றார். இது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற பயணம் என்று அப்பா பரமநாதன் முணுமுணுத்தார். முணுமுணுத்துக்கொண்டே பயணச்சீட்டையும் எடுத்துவிட்டார். அப்பா எப்போதும் அப்படித்தான்.

பிறகுதான் அம்மா அடுத்ததைச் சொன்னார். பாங்கொக்கில் நாலு மணித்தியாலம் விமானம் மாறிப் போவது போதாதாம். மூன்று நாள் நிற்கவேண்டுமாம்.

அப்படியானால் சாருகாவுக்கு மூன்று நாள் பள்ளிக்கூடம் தவறிவிடும். ஐந்தாம் வகுப்பில் அது சின்ன விஷயம் இல்லை. பெற்றோர் விடுப்புக்கு விண்ணப்பம் போடவேண்டும். றெக்டர், அதாவது தலைமையாசிரியை, சம்மதிக்கவேண்டும்.

விண்ணப்பத்தில் ‘காரணம்’ என்று ஒரு பெட்டி இருந்தது. அதில் என்ன எழுதுவது என்று அப்பா கேட்டார். ஒரு ஆளைப் பார்க்கவேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மா வெங்காயம் உரிக்கப் போய்விட்டார். அதை எழுதினால் யார் விடுவார்கள் என்று சொல்லி, அப்பா இணையத்தில் வேறு காரணம் தேடினார். பாங்கொக்கில் கூடுதல் நாள் தங்குவதற்குப் பத்துக் காரணங்களை யாரோ எழுதி வைத்திருந்தார்கள். அப்பா பத்தையும் ஒன்றுவிடாமல் எழுதினார். பொன்னிறக் கோயில்கள், ஆற்றுப் படகுகள், பூச்சந்தை, அரண்மனை என்று பட்டியல் நீண்டது. ஒன்பதாவது, கால் பிடித்துவிடும் கடை.

“இது படிப்புக்கு உதவுமோ அப்பா?” என்று சாருகா கேட்டாள்.

“நாள் முழுக்க பஸ் ஓடுற எனக்கு உதவும்” என்றார் அப்பா.

மூன்றாம் நாள் பதில் வந்தது. மிகவும் மரியாதையான பதில். ஊர் சுற்றிப் பார்க்கக் கோடை விடுமுறை இருக்கிறது, ஆகையால் இந்த முறை முடியாது என்று எழுதியிருந்தது.

பரவாயில்லை என்றார் அம்மா. சொல்லிவிட்டு, கழுவி வைத்த தட்டையே எடுத்து மறுபடியும் கழுவினார். அதைப் பார்த்த சாருகா துடைக்கும் துணியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்றாள்.

“அம்மா, அந்த ஆள் ஆர்?”

அம்மா தட்டுகளைப் பார்த்தபடியே மெல்லச் சொல்லத் தொடங்கினார்.

அம்மாவுக்கு அப்போது ஒன்பது வயது. போரினால் ஊரைவிட்டு வந்த அவருடைய குடும்பம், நோர்வேக்கு வர அனுமதி கிடைக்கும்வரை பாங்கொக்கில் பதினான்கு மாதங்கள் காத்திருந்தது. ஒரு சின்ன அறை. கீழே சந்தில், தள்ளுவண்டியில் நூடில்ஸ் சூப் விற்கும் ஒரு இளம்பெண். பெயர் சோம்ஜாய். தினமும் மாலையில் அந்தப் பெண் அம்மாவைக் கைகாட்டிக் கூப்பிட்டு, ஒரு கிண்ணம் நிறைய சூப் கொடுப்பார். பெரிய மீன் உருண்டைகளாகத் தேடிப் போடுவார். ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

“நான் அவவைப் பீ சோம் எண்டு கூப்பிடுவன். அவையின்ரை பாஷையிலை அக்காவுக்குப் பீ எண்டுதான் சொல்லுறது.”

சாருகாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. தமிழ்ப் பிள்ளை யாருக்குத்தான் அடங்கும்? அம்மாவும் சேர்ந்து சிரித்தார். சிரித்துக்கொண்டிருந்தவரின் முகம் மெதுவாக மாறியது.

“நீங்கள் அவவுக்கு நன்றி சொன்னனீங்களோ?” என்று சாருகா கேட்டாள்.

“இல்லையம்மா. சாப்பாடு தாற ஆளுக்கு நன்றி சொன்னா, அவவைப் பிறத்தி ஆளாக்கின மாதிரி எல்லோ? வெளிக்கிடேக்கை நான் அவையின்ரை பாஷையிலை, போட்டு வாறன் எண்டு சொன்னன். நாங்கள் ஒருநாளும் போறன் எண்டு சொல்லுறேல்லைத்தானே. ஆனா எங்கடை வழக்கம் அவவுக்கு எப்பிடித் தெரியும்? நான் உண்மையாத் திரும்பி வருவன் எண்டு நினைச்சிருப்பா.”

அது நடந்து இருபத்தாறு வருடங்கள். எங்கே தேடுவது என்றே அம்மாவுக்குத் தெரியாமல் இருந்தது. போன மாதம்தான் பாங்கொக் சாப்பாட்டுக் கடைகளைப் பற்றிய ஒரு காணொளியில் அந்த முகத்தைக் கண்டார். தள்ளுவண்டி சின்னக் கடையாகியிருந்தது. சிரிப்பு மட்டும் அதேதான்.

“அப்ப மூண்டு நாள் ஏன்?”

“ஒரு நாள் கடையைத் தேட. ஒரு நாள் கதைக்க. ஒரு நாள் சும்மா அவவோடை இருக்க.”

அப்பாவின் பத்துக் காரணங்களைவிட இந்த மூன்றும் எவ்வளவோ நல்லவை என்று சாருகா நினைத்தாள். அடுத்த நாள் இடைவேளையில் பனியில் விளையாடப் போகாமல், வகுப்பிலேயே இருந்து ஒரு கடிதம் எழுதினாள். அதைத் தானே றெக்டர் இங்குனின் அறைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

கடிதத்தில் அம்மாவின் மூன்று காரணங்களும் இருந்தன. தமிழர் ஏன் ‘போகிறேன்’ என்று சொல்வதில்லை என்பதும் இருந்தது. கடைசியில் நோர்வேக்காரரின் ஒரு வழக்கத்தைப் பற்றி இப்படி எழுதியிருந்தாள்:

‘ஒருவரை மறுபடி சந்திக்கும்போது, போன முறைக்கு நன்றி என்று சொல்லவேண்டும். “தக் ஃபோர் சிஸ்ட்” என்று அதை எனக்குச் சொல்லித் தந்தது இந்தப் பள்ளிக்கூடம்தான். என் அம்மா அதைச் சொல்ல இருபத்தாறு வருடம் பிந்திவிட்டார். இன்னும் பிந்தக்கூடாது. மூன்று நாள் பாடத்தையும் நான் வீட்டில் செய்துவிடுவேன்.’

இங்குன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு முறை வாசித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை வாசித்தார். பிறகு ஒரு கேள்விதான் கேட்டார்.

“மூன்று நாள் போதுமா?”

அன்று மாலை கையெழுத்துப் போட்ட தாளைக் கண்டதும் அம்மா சாருகாவை இறுக்கிக் கட்டிக்கொண்டார். சாருகாவுக்கு மூச்சு முட்டியது. ஆனாலும் விடச் சொல்லவில்லை.

விமானத்தில் பதினொரு மணித்தியாலமும் அம்மா கண்ணை மூடவில்லை. தாய் மொழி என்றால் நமக்குத் தமிழ். தாய்லாந்துக்காரருடைய மொழிக்கோ பெயரே தாய். அந்த மொழியில் நன்றி சொல்ல அம்மா திரும்பத் திரும்பப் பழகிக்கொண்டிருந்தார். மறந்துபோன சொற்களைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டார். கேட்டுக் கேட்டு அது சாருகாவுக்கும் பாடமாகிவிட்டது.

கடையைத் தேட ஒரு நாள் முழுக்கத் தேவைப்படவில்லை. மோட்டார் சைக்கிள்களும் புகையும் சத்தமுமாக இருந்த ஒரு சந்தில், மதியத்துக்கு முன்னரே கண்டுபிடித்துவிட்டார்கள். பெரிய பானைக்குப் பின்னால் நரைத்த தலையோடு ஒருவர் நின்றிருந்தார்.

அம்மா முன்னே போய் நின்றார். வாயைத் திறந்தார். பழகி வைத்த சொற்களில் ஒன்றுகூட வரவில்லை. கண்ணீர்தான் வந்தது.

சோம்ஜாய் அகப்பையைக் கீழே வைத்தார். அம்மாவின் நாடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்தி, உற்றுப் பார்த்தார். அவருடைய கண்களும் நிறைந்தன. பிறகு மெல்ல ஏதோ கேட்டார்.

“என்ன சொல்லுறா?” என்று அப்பா கேட்டார்.

“சாப்பிட்டியோ எண்டு கேக்கிறா” என்றார் அம்மா.

இல்லை என்று தலையாட்டிவிட்டு, ஒன்பது வயதுப் பிள்ளையைப்போல வாங்குப் பலகையில் ஏறி உட்கார்ந்தார்.