நாளைக்குப் பேசலாம்மா

கவிழ்த்து வைத்திருந்த போன், சாப்பாட்டு மேஜையில் சர்க்கரை டப்பாமேல் சாய்ந்து நிமிர்ந்து நின்றது.

"நீயா இதை எடுத்து நிறுத்தின?" என்று சின்னவன் சத்தம் போட்டான்.

"உங்க போனை நான் எதுக்குத் தொடப்போறேன்? கதவைப் பூட்டிக்கோங்க," என்று சொல்லிவிட்டு மனைவி குடையோடு கடைக்குக் கிளம்பினாள்.

நாற்பத்தைந்து வயதாகி, முன்மண்டை வழுக்கை விழுந்த பிறகும் அம்மாவுக்கு அவன் சின்னவன்தான். அந்த அம்மா ஆஸ்பத்திரியில் இறந்துபோய் ஒரு வாரம் ஆகிறது. தொற்று வார்டு என்பதால் யாரையும் உள்ளே விடவில்லை. தினமும் சாயங்காலம் நர்ஸ் டேப்லெட்டைத் தூக்கிப் பிடிப்பாள், வீடியோ காலில் கொஞ்ச நேரம் முகம் பார்த்துப் பேசலாம். அதுவே அவனுக்குச் சலித்துப்போனது. அதே கேள்வி, அதே இருமல். ஒருநாள் நீலச் சட்டையை மாட்டி, இதே டப்பாவில் போனைச் சாய்த்து, தலையாட்டித் தலையாட்டித் தன்னையே வீடியோ எடுத்தான். "ம்... சரிம்மா... நாளைக்குப் பேசலாம்மா." நர்ஸுக்கு அனுப்பினான். "அம்மாவுக்குக் கண்ணு மங்கல்தானே சிஸ்டர். எனக்குத் தலைக்கு மேல வேலை, இதைப் போட்டுக் காட்டிடுங்க."

அவள் பாவம், காட்டினாள். இவன் கிரிக்கெட் பார்த்தான். கடைசி நாளும் அந்த வீடியோதான் ஓடியதாம். "எப்பப்பா கூட்டிட்டுப் போவ, எனக்குப் பயமா இருக்குன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க," என்று சொன்ன நர்ஸ் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. சே, நானெல்லாம் ஒரு பிள்ளையா என்று அன்றிலிருந்து போனைக் கவிழ்த்தே வைத்தான்.

மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் தகரத்தில் தாரை விழும் சத்தத்துக்கு அடியில், ஆக்சிஜன் இரைவது போல் மெல்லிய சீற்றம் ஒன்று கேட்டது; பினாயில் நெடி, வார்டு வாசலில் அடிக்கும் அதே நெடி, சமையலறைப் பக்கமிருந்து வந்து தொண்டையில் ஒட்டியது.

போன் அடித்தது. 'வார்டு' என்று வந்தது. அம்மாவின் துணிமணி ஏதாவது தருவார்களாக இருக்கும் என்று எடுத்தான்.

அம்மா.

வெள்ளைத் தலையணை. மூக்கில் குழாய்.

"அம்மா! என்னை மன்னிச்சிடும்மா. அது நான் இல்லம்மா, வெறும் வீடியோ. நான் பாவி."

"ம்," என்று அம்மா தலையாட்டினாள். "சரிப்பா."

"நான் சொல்றது கேக்குதாம்மா?"

"ம்... நாளைக்குப் பேசலாம்பா."

ஒரு இருமல். மறுபடி, "ம்... சரிப்பா." அதே இடத்தில் அதே இருமல். பார்வை அவன் தலைக்கு மேலே எங்கேயோ.

புரிந்தது. இதுவும் ஓடுகிற வீடியோதான். சிவப்புப் பட்டனை அழுத்தினான். கால் கட் ஆகவில்லை. அழுத்தி அழுத்திப் பார்த்தான்.

திரையின் மூலையில் சின்னக் கட்டம். அவன் முகம்.

அவன் பனியனோடு இருந்தான். கட்டத்தில் நீலச் சட்டை.

அது தலையாட்டியது.

இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். கட்டத்தில் கைகள் இல்லை.

கதவு தட்டப்பட்டது. "திறங்களேன், நனையறேன்!"

காப்பாத்து என்று கத்த வாயைத் திறந்தான்; அவன் வாயிலிருந்து வந்தது வேறு.

"ம்... சரிம்மா."

வெளியே தட்டல் பலத்தது. திரையில் அம்மாவின் தலையாட்டல் நின்றது. அவள் கண் இறங்கி, முதல்முறையாக, நேராக அவனைப் பார்த்தது.

"பயமா இருக்காப்பா?"

அழுகை முட்டியது. ஆமாம்மா என்று சொல்ல நாக்கு துடித்தது.

"ம்... நாளைக்குப் பேசலாம்மா."

இறுக்கிப் பிடித்த கைகளுக்கு நடுவே அவன் தலை மெதுவாக ஆடத் தொடங்கியது.